6.5 கிரெண்டல்: பேரல் வாங்கும் முன் போல்ட்டை அளந்துவிடுங்கள்

6.5 கிரெண்டல் என்பது ஏஆர்-15 வகை ரைஃபிளுக்கென்று வந்த ஒரு தோட்டா. அதற்குப் பேரல் (குழல்) வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது நீளத்தைத்தான். 16 அங்குலமா, 18-ஆ, 20-ஆ? அடுத்தது, எந்தக் கம்பெனி? இரண்டும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் தெரியவேண்டியது உங்கள் போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பூட்டும் பாகம்) முகம் எவ்வளவு ஆழம் என்பது. அடுத்து, எந்தக் குண்டை எவ்வளவு தூரத்துக்கு எதன்மேல் சுடப்போகிறீர்கள் என்பது. இவை இரண்டும் முடிவாகிவிட்டால் நீளம் தானாக வந்து நிற்கும்.

.223 வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. தரமான கம்பெனியின் பேரலை வாங்கி, தரமான இன்னொரு கம்பெனியின் போல்ட்டைப் போட்டால் அநேகமாக ஓடிவிடும். தோட்டாவும் எந்தக் கடையிலும் பத்து விதமாகக் கிடைக்கும். கிரெண்டல் அப்படியல்ல. அமெரிக்காவில் இதைச் சுடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, கடையில் இருப்பதும் இரண்டு மூன்று வகைதான், உதிரி பாகங்களில் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே பெயரில் இரண்டு ஆழம்

வர்ஜீனியாவில் இருக்கும் அலெக்சாண்டர் ஆர்ம்ஸின் பில் அலெக்சாண்டர் இந்தத் தோட்டாவை 2003-இல் வெளியே கொண்டுவந்தார். ஏஆர்-15 மேகசினுக்குள் அடங்க வேண்டும், ஆனால் .224-க்குப் பதில் .264 அங்குல விட்டமுள்ள நீளமான குண்டைத் தள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். 7.62×39-இன் குடும்பத்தில் பிறந்த .220 ரஷ்யன், அதிலிருந்து பெஞ்ச்ரெஸ்ட் (மேசைமேல் வைத்துத் துல்லியமாகச் சுடும்) போட்டிக்காரர்கள் உருவாக்கிய பிபிசி (PPC) தோட்டா என்ற வழியில் இதன் கூடு (மருந்தும் குண்டும் அடங்கும் உறை) வந்தது. அடிப்பாகம் 7.62×39 அளவுக்குப் பருமன். 5.56 (.223-இன் ராணுவ வடிவம்) போல்ட்டில் அது உட்காரவே உட்காராது.

கிரெண்டல் என்ற பெயர் முதல் சில வருடங்கள் டிரேட்மார்க்காக இருந்தது. அதனால் வேறு சிலர் ஏறக்குறைய இதே சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் அறை) .264 எல்பிசி என்று பெயரிட்டு விற்றார்கள். சந்தையில் ஏற்கெனவே கிடைத்த 7.62×39 போல்ட்டையே அதற்குப் பயன்படுத்தினார்கள். டிரேட்மார்க் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2011-இல் அமெரிக்கத் தோட்டா தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ தரப்படுத்திய பிறகு பெயர்க் குழப்பம் தீர்ந்தது. போல்ட் குழப்பம் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

விஷயம் இதுதான். 7.62×39 வழியில் வந்த போல்ட்டின் முகக் குழி 0.125 அங்குல ஆழம். இதை டைப் 1 என்கிறார்கள். அலெக்சாண்டர் ஆர்ம்ஸ் வழியில் வந்தது 0.136 அங்குலம், டைப் 2. இரண்டுக்கும் வித்தியாசம் 0.011 அங்குலம், கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. தோட்டா இல்லாதபோது இரண்டு போல்ட்டுமே எந்தக் கிரெண்டல் பேரலிலும் உள்ளே போய்த் திரும்பும். கேடு ஹெட்ஸ்பேஸில்தான், அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் கூடு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தில்.

டைப் 1-க்காக அமைத்த பேரலில் ஆழமான டைப் 2 போல்ட்டைப் போட்டால், தோட்டாவின் அடிப்பாகம் 0.011 அங்குலம் பின்னால் போய் உட்காரும். ஹெட்ஸ்பேஸ் அத்தனையும் கூடிவிடும். ஹெட்ஸ்பேஸின் கீழ் எல்லையைக் காட்டும் கோ கேஜுக்கும் மேல் எல்லையைக் காட்டும் நோ-கோ கேஜுக்கும் இடையே இருக்கும் இடைவெளியே ஆயிரத்தில் சில பங்கு அங்குலம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பிசகு என்று புரியும். சுடும்போது கூட்டின் முன்பாகம் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் பின்னால் தள்ளப்பட்டு, நடுவே பித்தளை இழுபட்டு மெலிகிறது. புதுக் கூடு முதல் தடவை தாங்கிவிடலாம். மறுபடி நிரப்பிச் சுடும்போது அடியிலிருந்து சுமார் கால் அங்குலம் மேலே இரண்டாக அறுந்துபோகும். அறுந்தால் அவ்வளவு அழுத்தமுள்ள வாயு உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வழி தேடும்.

நேர்மாறாக, டைப் 2 பேரலில் டைப் 1 போல்ட்டைப் போட்டால் ஹெட்ஸ்பேஸ் குறைந்துபோய் போல்ட் பூட்டாது. இது எரிச்சல்தான், ஆனால் கேடு குறைவு. இங்கே ஒரே தவறு, பூட்டவில்லையே என்று ஃபார்வர்ட் அசிஸ்ட்டை (போல்ட்டை முன்னால் தள்ளும் பொத்தான்) குத்திக் குத்திப் பூட்டப் பார்ப்பது.

அளப்பது சுலபம். டிஜிட்டல் காலிப்பரின் பின்னால் நீளும் மெல்லிய கம்பியை எஜெக்டர் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் ஊசி) இல்லாத இடத்தில் போல்ட் முகத்தில் ஊன்றி, காலிப்பரின் அடியைப் போல்ட் மூக்கின் விளிம்பில் நேராக வையுங்கள். எஜெக்டர் ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டிருந்தால் அளவு தப்பும், அதைக் கழற்றிவிட்டு அளப்பது நல்லது. மூன்று நான்கு முறை அளந்து பாருங்கள். 0.125-க்கோ 0.136-க்கோ பக்கத்தில் வரவேண்டும். நடுவில் எங்காவது வந்தால் அளந்த விதம் தவறு, இல்லையென்றால் அந்தப் போல்ட்டே வேண்டாம்.

இன்று விற்பனையில் பெரும்பாலானவை டைப் 2. புதிதாக ஆரம்பிப்பவர் டைப் 2-ஐத் தவிர வேறு எதையும் தேடவேண்டிய காரணமே இல்லை. அந்தக் கூடுதல் ஆழத்தில் எக்ஸ்ட்ராக்டரின் (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) நகம் சற்றுத் தடிமனாக இருக்க இடம் கிடைக்கிறது. கிரெண்டலில் முதலில் உடைவது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர்தான் என்பதால் இது பெரிய லாபம். பழைய ரைஃபிளை இரண்டாம் கையாக வாங்கும்போதுதான் டைப் 1 எட்டிப் பார்க்கும். விற்பவர் சொல்வதை நம்பாமல் அளந்து பாருங்கள்.

என் சிபாரிசு: பேரலையும் போல்ட்டையும் ஒரே இடத்தில், ஹெட்ஸ்பேஸ் சரிபார்த்த ஜோடியாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி மிச்சப்படுத்தும் பணம் கேஜ் வாங்கவே சரியாகிவிடும். ஏற்கெனவே தனித்தனியாக வாங்கியாகிவிட்டது என்றால் கேஜ் இல்லாமல் சுடாதீர்கள். போல்ட்டிலிருந்து எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் இரண்டையும் கழற்றுங்கள். சேம்பரையும் போல்ட் முகத்தையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். கோ கேஜைப் போட்டு விரலால் மெல்லத் தள்ளினால் போல்ட் முழுதாகப் பூட்ட வேண்டும். நோ-கோ கேஜில் பூட்டக் கூடாது. கோ-வில் பூட்டவில்லை அல்லது நோ-கோ-வில் பூட்டுகிறது என்றால் அந்த ஜோடி வேண்டாம். தோட்டாவையே கேஜ் மாதிரி வைத்து அதன் பின்னால் செலோடேப் ஒட்டிப் பார்க்கும் வித்தையெல்லாம் அவசரத்துக்கு ஒரு ஊகம் தரும், அவ்வளவுதான்.

போல்ட் ஏன் இவ்வளவு முக்கியம்

5.56 போல்ட்டின் வெளி அளவை மாற்ற முடியாது, ஏனென்றால் அது பேரல் எக்ஸ்டென்ஷனுக்குள் (பேரலின் பின்முனையில் போல்ட் பூட்டும் வளையம்) போகவேண்டும். அதே அளவுக்குள் பருமனான கூட்டுக்குக் குழி வெட்டும்போது சுற்றியுள்ள சுவர் மெலிகிறது. கூட்டின் அடிப்பரப்பு கூடியதால் பின்னால் தள்ளும் விசையும் கூடுகிறது. 5.56-க்கு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு என்ற அளவில் அழுத்தம் அனுமதிக்கப்பட்டிருக்க, கிரெண்டலுக்கு எஸ்ஏஏஎம்ஐ 52,000 என்று நிறுத்தியதற்குக் காரணம் இந்தப் போல்ட்தான். தோட்டாவுக்குத் திராணி இல்லாமல் அல்ல.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துப் பூட்டுவது) சிலர் இதைவிடக் கூடுதல் அழுத்தத்துக்கு நிரப்புகிறார்கள். அது அவர்கள் ரைஃபிளோடு இருக்கட்டும். அந்தத் தோட்டா ஏஆர் மேகசினுக்குள் வந்துவிட்டால் எக்ஸ்ட்ராக்டருக்குப் பக்கத்து லக்கில் (போல்ட்டைப் பூட்டும் பல்) விரிசல் விழ அதிக நாள் ஆகாது. விரிசல் பார்க்கும் இடங்கள் இரண்டு: அந்த லக்கின் அடி, பிறகு போல்ட்டைத் திருப்பும் கேம் பின்னின் துளையைச் சுற்றி. சுத்தம் செய்யும்போதெல்லாம் எண்ணெயைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கையிருப்பில் ஒரு எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், முடிந்தால் ஹெட்ஸ்பேஸ் பார்த்த இன்னொரு போல்ட் இருக்கட்டும். வேட்டைக்குப் போன ஊரில் இது கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

மான் வேட்டைக்கு மட்டும்தான் ரைஃபிள் வேண்டும் என்றால் ஏஆரை விட்டுவிட்டு ஹோவா மினி ஆக்‌ஷன் அல்லது ரூகர் அமெரிக்கன் ரான்ச் பக்கம் போவது புத்திசாலித்தனம். இந்தப் பதிவில் பாதிப் பிரச்சினை அப்போதே தீர்ந்துவிடும்.

குண்டு முதலில், நீளம் பிறகு

கிரெண்டல் பிறந்ததே 120 முதல் 123 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள குண்டுக்காக. 90, 95 கிரெய்ன் குண்டுகளும் ஓடும், கொயோட்டி போன்ற சின்ன விலங்குகளுக்கு நல்லவைதான். ஆனால் அதற்கு .223 போதுமே. மறுபக்கம் 140 கிரெய்ன் குண்டு 6.5 கிரீட்மோர் என்ற பெரிய தோட்டாவுக்கு உரியது. தோட்டாவின் மொத்த நீளம் 2.260 அங்குலத்தைத் தாண்டினால் மேகசினில் இடிக்கும். அதற்குள் 140-ஐ அடக்கினால் குண்டின் பின்பாதி கூட்டுக்குள் இறங்கி மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும். வேகம் விழும். எடை கூடியதால் கிடைக்கவேண்டிய லாபம் அங்கேயே போய்விடும். 130-க்கு மேலே போகக் காரணமே இல்லை என்பது என் கருத்து.

இலக்குக்குச் சுட ஹார்னடி பிளாக் 123 கிரெய்ன் இஎல்டி மேட்ச். வேட்டைக்கு ஹார்னடி கஸ்டம் 123 கிரெய்ன் எஸ்எஸ்டி அல்லது ஃபெடரல் ஃப்யூஷன் 120. மேட்ச் குண்டால் மானைச் சுடாதீர்கள். அது விரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, உள்ளே போய் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

இப்போது நீளம். ஹார்னடி தன் 123 எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் வேகம் விநாடிக்கு 2580 அடி. பெட்டியில் பார்த்துவிட்டு அதுவே நம் ரைஃபிளிலும் வரும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது 24 அங்குலப் பேரலில் அளந்தது. ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் தோராயமாக 20 முதல் 25 அடி குறையும். 16 அங்குலத்தில் சுமார் 2380 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடைமுறையில் என்ன ஆகும்? 24 அங்குலத்தில் புறப்பட்ட அந்தக் குண்டு 100 கெஜத்தில் ஏறக்குறைய 2420 அடி வேகத்திலும், 200-இல் 2265-க்குப் பக்கத்திலும், 500-இல் 1840-க்குப் பக்கத்திலும் இருக்கும். ஆகவே 16 அங்குலப் பேரலின் வாயிலிருந்து புறப்படும் குண்டு, 24 அங்குலக் குண்டு 125 கெஜம் போன பிறகு இருக்கும் வேகத்தில்தான் புறப்படுகிறது. எஸ்எஸ்டி நம்பகமாக விரிய 1800 அடி வேண்டும் என்று வைத்தால், நீளப் பேரலுக்கு எல்லை சுமார் 530 கெஜம், குட்டைப் பேரலுக்கு சுமார் 400. எட்டு அங்குலத்தின் விலை அந்த 125 கெஜம். காட்டில் 200 கெஜத்துக்கு மேல் எதையும் பார்க்கவே முடியாத இடத்தில் வேட்டையாடுபவருக்கு இந்த நஷ்டம் நஷ்டமே இல்லை. 600 கெஜத்துக்கு மேல் இரும்புத் தட்டு அடிப்பவருக்கு 20 அல்லது 22 அங்குலம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் 18. நான் யாருக்குச் சொன்னாலும் 18 என்றுதான் ஆரம்பிப்பேன்.

16-க்குக் கீழே போவதாக இருந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது குட்டைக் குழல் ரைஃபிள் ஆகிவிடும், முன்கூட்டியே கூட்டரசுப் பதிவு வேண்டும். பேரலை வாங்கிப் பூட்டிவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்ற கதை நடக்காது.

ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் குழல் உள்வரியின் சுற்று) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, 1:8. 1:9-ம் 123 கிரெய்ன் ஈயக் குண்டைப் பிடித்து நிறுத்தும். ஆனால் முழுச் செம்புக் குண்டு போடுவதாக இருந்தால் 1:8-ஐ விடாதீர்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டுக்கு வேகமான சுழற்சி தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயம் இல்லாத குண்டுதான் போடவேண்டும் என்பதால், பே ஏரியாக்காரர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. பார்ன்ஸ் 115 கிரெய்ன் செம்புக் குண்டோடு தோட்டா விற்கிறார்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஏஆர் வகை ரைஃபிள்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வேறு இருக்கின்றன, அங்கே போல்ட் ஆக்‌ஷனே நிம்மதி.

உலோகம்: 416ஆர் ஸ்டெயின்லெஸ், அல்லது நைட்ரைடு செய்த குரோம்-மாலி. இலக்குக்கு முதலாவது, மழையிலும் சேற்றிலும் அலைவதற்கு இரண்டாவது. பேரல் எத்தனை சுடலுக்குத் தாங்கும் என்ற கவலை கிரெண்டலில் குறைவு. 6.5 கிரீட்மோர் 40 கிரெய்னுக்கு மேல் மருந்தை இதே அளவு துளை வழியாக எரிக்கிறது, கிரெண்டல் எரிப்பது சுமார் 30. சேம்பருக்கு முன்னால் குழல் தொடங்கும் இடத்தில் (அதைத் தொண்டை என்பார்கள்) உலோகம் அரிபடுவது அதற்கேற்பக் குறையும்.

குழல்வாய் மரையை மட்டும் கவனியுங்கள். இப்போது பெரும்பாலும் 5/8-24 வருகிறது. சில பேரல்களில் 1/2-28 இருக்கும், அது 5.56-இன் மரை. பழைய 5.56 மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல்வாயில் திருகுவது) அதில் அழகாகத் திருகி ஏறிவிடும். அதன் துளை .224 குண்டுக்கானது, வருவது .264. முதல் சுடலிலேயே பிரேக் பறந்துபோகும். 1/2-28 மரையுள்ள கிரெண்டல் பேரலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேஸ் சிஸ்டம்

சுட்ட வாயுவில் ஒரு பங்கைப் பேரலின் துளை வழியாக எடுத்துப் போல்ட்டைத் திறப்பதுதான் கேஸ் (வாயு) சிஸ்டம். சேம்பரிலிருந்து அந்தத் துளை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து, குறைந்த தூரத்திலிருந்து கார்பைன், மிட், ரைஃபிள் லெங்த் என்று பெயர். 16, 18 அங்குலத்துக்கு மிட்-லெங்த். 20-க்கு மேலே ரைஃபிள்-லெங்த். 16 அங்குலத்தில் கார்பைன்-லெங்த் வைத்து விற்கும் மலிவுப் பேரல்கள் இருக்கின்றன, தவிர்த்துவிடுங்கள். அழுத்தம் இன்னும் இறங்காத நேரத்தில் போல்ட் திறக்க ஆரம்பிக்கும், பலவீனமான எக்ஸ்ட்ராக்டர்மேல் எல்லாப் பாரமும் விழும்.

கூடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்பக்கமாக, கடிகாரத்தின் ஒன்று இரண்டு மணித் திசையில் தூரமாகப் பறந்தால் கேஸ் அதிகம். விளிம்பு கிழிந்தோ வளைந்தோ இருந்தால் நிச்சயம் அதிகம். நான்கு ஐந்து மணித் திசையில் சோர்ந்து விழுந்து, கடைசிச் சுடலுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்கவில்லை என்றால் குறைவு. கேஸ் பிளாக்கின் (அந்த வாயுவை வாங்கும் கட்டை) துளையும் பேரலின் துளையும் நேராக இல்லாவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும், அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள். திருகிச் சரிசெய்யும் கேஸ் பிளாக் போட்டுவிட்டால் நல்லது. அதை முழுதாக மூடி, ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, சிறிது சிறிதாகத் திறந்து, போல்ட் பின்னால் நின்றதும் இன்னும் இரண்டு கிளிக் திறந்து விட்டுவிடுங்கள். சைலன்ஸர் போடுபவருக்கு இது கட்டாயம்.

மேகசின் விஷயத்தில் ஒரே வரி: கிரெண்டலுக்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும். 5.56 மேகசினில் இரண்டு மூன்று தோட்டா ஏறும், அதற்குப் பிறகு மூக்கு கவிழ்ந்து முட்டும். பேரல்மேல் பழி போடும் புகார்களில் பாதிக்குக் காரணம் மேகசின்தான். புது மேகசின் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி வைத்துக்கொண்டால், முட்டல் எப்போதும் ஒரே நம்பரில் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை ரேஞ்சில் செய்ய வேண்டியது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மேகசினிலிருந்து போல்ட்டை வேகமாக விட்டு ஏற்றி, குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்து, சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் குண்டு கூட்டுக்குள் தள்ளப்படுகிறது. உள் இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். குண்டின் மூக்கில் கீறல் இருந்தால் ஃபீட் ராம்ப்பில் (தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு) பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

தோட்டா: கிடைப்பதும் கிடைக்காததும்

கொஞ்ச காலம் கிரெண்டலின் பெரிய கவர்ச்சியே வுல்ஃப் கம்பெனியின் எஃகுக் கூட்டுத் தோட்டா. ரஷ்யாவிலிருந்து வந்த 100 கிரெய்ன், கூட்டை மறுபடி நிரப்ப முடியாது, துல்லியம் சுமார், ஆனால் விலை கையைக் கடிக்காது. 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதன்பின் அது மெல்ல மறைந்தது. பழைய இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு மலிவாகப் பயிற்சி செய்யலாம் என்ற கணக்கோடு யாராவது கிரெண்டலுக்கு வந்தால், அந்தக் கணக்கு இன்று செல்லாது. எங்கேயாவது பழைய இருப்பு கிடைத்தாலும் பல ரேஞ்சுகளில் எஃகை விடமாட்டார்கள், காந்தம் வைத்துப் பார்ப்பார்கள்.

செர்பியாவின் பிபியு (PPU) கம்பெனி ஓரளவு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. செர்பிய ராணுவத்துக்கான ஸாஸ்தவா எம்19 ரைஃபிள் கிரெண்டலையும் சுடும் என்பதால், அங்கே இந்தத் தோட்டாவின் உற்பத்தி சட்டென்று நின்றுவிடாது என்று நம்பலாம். பித்தளைக் கூடு, மறுபடி நிரப்பலாம். நிரப்புபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிரெண்டல் கூடுகள் எல்லாவற்றிலும் பிரைமர் அளவு ஒன்றல்ல. லாபுவா, ஹார்னடி கூடுகளில் சின்ன ரைஃபிள் பிரைமர். ரேஞ்சில் பொறுக்கிய கலவைக் கூடுகளைப் பிரைமர் போடும் முன் பிரித்துவிட வேண்டும். மருந்தின் அளவை இங்கே எழுதப்போவதில்லை, குண்டு கம்பெனி வெளியிடும் இப்போதைய கைநூலில் குறைந்த அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் பேரலுக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இங்கேதான் பலர் மூன்று குண்டு சுட்டு, ஒரு அழகான குழுவைப் படம் எடுத்து, முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று குண்டுக் குழு சும்மா ஆசை காட்டும். நான்கு வகைத் தோட்டாவில் இருபது இருபது எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து குண்டு வீதம் நான்கு குழு, 100 கெஜத்தில், முன்னாலும் பின்னாலும் மணல் பை வைத்து. வகை மாற்றும்போது முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் மண்மேட்டில் விடுங்கள், முந்தைய குண்டின் செம்பு அடையாளம் மாறட்டும். இதற்கென்று தனியாக எட்டு தோட்டா வேண்டும். பேரலைக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேற விடாதீர்கள். நான்கு குழுக்களின் சராசரியை எழுதுங்கள், மிகச் சிறியதை அல்ல.

கூடவே குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேண்டும். 100 கெஜத்தில் ஒரே துளையில் விழும் தோட்டா 600-இல் செங்குத்தாகச் சிதறலாம். இந்தக் குண்டில் வேகம் 50 அடி வேறுபட்டால் 600 கெஜத்தில் ஏறத்தாழ 5 அங்குலம் மேலே கீழே போகும். வேட்டைக்கு அது பொருட்டல்ல, இலக்குக்கு அதுவே எல்லாம். குழு சற்றுப் பெரியதாக இருந்தாலும் வேகம் சீராக வரும் தோட்டாவைத்தான் தூரச் சுடலுக்குத் தேர்ந்தெடுப்பேன்.

தேர்ந்தெடுத்த பிறகு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் லாட் நம்பரைப் பாருங்கள். அதே லாட்டில் ஒரு வருடத்துக்கு ஆகும் அளவை வாங்கிவிடுவது நல்லது. அடுத்த லாட்டில் மருந்து மாறியிருக்கலாம், குண்டு விழும் இடம் ஒரு அங்குலம் நகரலாம். .223-க்கு இன்னொரு பெட்டி நாளை கிடைக்கும். கிரெண்டல் இரண்டு மாதம் கடையிலேயே இல்லாமல் போவதும் உண்டு.

நம் ஆட்கள் கவனிக்க

அமெரிக்காவில் எச்-1பி போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. அது காலாவதியானால் விதிவிலக்கும் காலாவதி. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, மாநிலச் சட்டம் தனி. சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பக்கத்து ஜிப்புக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு விழும். காலிக் கூடு இருந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். பேரல், போல்ட் போன்ற பாகங்களை நண்பருக்கென்று அனுமதி இல்லாமல் எடுத்துப்போவது இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றம்.

கடைசியாக, 6எம்எம் ஏஆர்சி என்ற தோட்டா. 2020-இல் ஹார்னடி கொண்டுவந்த இது கிரெண்டல் கூட்டின் கழுத்தை 6 மில்லிமீட்டருக்கு ஒடுக்கி, தோளைச் சற்றுப் பின்னால் தள்ளிச் செய்தது. டைப் 2 போல்ட்டும் கிரெண்டல் மேகசினும் அப்படியே ஓடும், பேரலை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் புதுப் பேரலோடு அந்தப் போல்ட்டின் ஹெட்ஸ்பேஸை மறுபடி கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அப்பரும் (பேரலும் போல்ட்டும் உள்ள ரைஃபிளின் மேல்பாதி) வீட்டில் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் ரேஞ்சுக்கு எடுத்துப்போகாதீர்கள். மேகசின் ஒன்றே, கூட்டின் அடி ஒன்றே, பெட்டியும் ஒரே சிவப்பும் கறுப்பும். கிரெண்டல் சேம்பருக்குள் ஏஆர்சி தோட்டா தடையில்லாமல் போய்விடும். மேகசின் அடியில் பெயின்ட் அடித்து வையுங்கள், கிரெண்டலுக்கு ஒரு நிறம், ஏஆர்சிக்கு வேறு நிறம். அதே நிறத்தை அந்தந்த அப்பரின் டஸ்ட் கவர் உள்பக்கத்திலும் அடித்துவிடுங்கள், திறந்ததும் கண்ணில் படும்.